பழவேற்காட்டுக் குப்பங்களில் வாசிப்பு, சமூக அறிவியல் வகுப்புகளுக்கான பாட ஆயத்தம்

பாட ஆயத்தம் என்பது ஆசிரியர் வகுப்புக்குச் செல்லும் முன் பாடப்பகுதியையும் மாணவரின் நிலையையும் துணைக்கருவிகளையும் பொருத்திப் பார்த்துச் செய்யும் முன்வேலை ஆகும். 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் வாசிப்பும் சமூக அறிவியலும் தனித்தனிப் பாடவேளைகளாக இருந்தாலும், திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் இவ்விரண்டையும் சேர்த்தே ஆயத்தம் செய்வது நல்லது. ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் சிலர் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள். வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் அதன் தொடக்கம் அவர்களுக்கு மறந்துவிடுகிறது. சமூக அறிவியல் பாடம் புரியாமற்போவது இதனால்தான். புரியாத பிள்ளை முதலில் பின்வரிசைக்கும், பிறகு வலைக்கும் போய்விடுகிறான்.

ஊரிலிருந்து தொடங்குதல்

பள்ளி அறிவை வெளியே உள்ள வாழ்க்கையோடு இணைப்பதைத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005 தன் வழிகாட்டு நெறிகளில் முதலாவதாக வைத்தது. பழவேற்காட்டில் அதற்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் இது. பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளன. ஸ்ரீஹரிகோட்டா தீவு இதை வங்கக் கடலிலிருந்து பிரிக்கிறது. ஆரணி ஆறு நன்னீர் கொண்டுவருகிறது. முகத்துவாரம் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது.

'காயல்' என்ற சொல்லில் தடுக்கி நிற்கும் அதே பிள்ளை, முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைபட்டால் இறால் வரத்து ஏன் குறைகிறது என்று ஆசிரியருக்கே விளக்குவான். ஆகவே பாடக் குறிப்பேட்டில் அருஞ்சொற்களை எழுதும்போது ஒரு பக்கம் நூலின் சொல்லையும் மறுபக்கம் ஊரின் சொல்லையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஊர்ச் சொல் தெரியாத ஆசிரியர் முதல் நாளே பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்ளலாம். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

ஒரு வாசிப்பு அட்டை

எட்டாம் வகுப்பில் ஐரோப்பியர் வருகை பாடமாக உள்ளது. இத்தகைய பாடங்களில் ஒரே வாக்கியத்தில் இரண்டு ஆண்டுகளும் மூன்று பெயர்களும் வந்துவிடும். பாடநூலைத் திறக்கும் முன் அதே செய்தியைச் சிறு வாக்கியங்களாக அட்டையில் எழுதித் தரலாம்:

"1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே ஒரு கோட்டை கட்டினார்கள். அதன் பெயர் கெல்டிரியா. இங்கிருந்து துணிகளைக் கப்பலில் அனுப்பினார்கள். வெடிமருந்தும் இங்கே செய்தார்கள். 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது."

முதலில் ஆசிரியர் உரக்கப் படிக்க, பிள்ளைகள் விரல் வைத்துத் தொடர்வார்கள். பிறகு இருவர் இருவராகப் படிப்பார்கள். கேள்விகளில் ஒன்றுக்கு விடை அட்டையிலேயே இருக்க வேண்டும். இன்னொன்றுக்கு ஊரில் இருக்க வேண்டும். கோட்டைக்குப்பம் என்ற பெயரில் உள்ள கோட்டை எது என்று கேட்டால், வாய் திறக்காதவனும் கை தூக்குவான். அடுத்த பாடவேளையில் பாடநூலைத் திறக்கும்போது அந்த நீண்ட வாக்கியம் பழகிய முகமாகிவிடும்.

அட்டையில் எழுதாத ஒன்றையும் ஆசிரியர் சொல்ல ஆயத்தமாக இருக்க வேண்டும். டச்சுக்காரர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாகப் பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குக் கப்பலேற்றினார்கள். பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் இது மிகுந்தது. துணி வணிகத்தோடு பாடத்தை நிறுத்திக்கொள்வது எளிது. ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளை இதைத் தாங்கும் என்பதே என் அனுபவம்.

பாடு முறை: கவனம் தேவைப்படும் பாடம்

குடிமையியலுக்கு இங்கே கிடைக்கும் சிறந்த எடுத்துக்காட்டு 'பாடு' முறை. ஏரியின் மீன்பிடி இடங்களைப் பிரித்து, சீட்டுக் குலுக்கி, உரிமையுள்ளவர்கள் முறைவைத்து வலை கட்டுவது இதன் அடிப்படை. முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் இறால் அதிகம் கிடைக்கும். அவ்விடம் ஒருவரிடமே நிலைத்துவிடாமல் சுழல்வதால் சண்டை குறைகிறது. விதி, முறை, தண்டம், சமவாய்ப்பு ஆகிய எல்லாவற்றையும் இதைக் கொண்டே விளக்கலாம். வகுப்பிலேயே சீட்டுக் குலுக்கிப் பார்த்தால் பிள்ளைகள் அந்தப் பாடத்தை மறப்பதில்லை.

சிக்கல் அடுத்த கேள்வியில் இருக்கிறது. பாட்டில் உரிமை குறிப்பிட்ட மீனவச் சமுதாயத்தின் ஆண்களுக்கே உரியது. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. உரிமையுள்ள வீட்டுப் பிள்ளையும் இல்லாத வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். "உங்கள் வீட்டில் பாடு உண்டா?" என்று பெயர் சொல்லிக் கேட்கும் ஆசிரியர் ஒரு பிள்ளையைக் கூனிக்குறுக வைத்துவிடுவார். தொடக்க காலத்தில் நானே அப்படிக் கேட்டிருக்கிறேன். அந்தச் சிறுமி இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. கற்பனையான ஒரு குளம், பத்துக் குடும்பங்கள், நான்கு நல்ல இடங்கள் என்று கணக்குப்போல் அமைத்துக்கொடுத்து, யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று அவர்களையே பேசவிடுவது மேல். ஊர்ப் பேச்சு தானாக வரும்போது வரட்டும்.

நாளிதழும் அறிவிப்பும்

வாசிப்புக்கு ஊரில் புழங்கும் தாள்களே போதும். வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையைப் படிக்கும் பிள்ளை வீட்டுக்குப் பயன்படுகிறான். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நடப்பில் இருக்கும் மீன்பிடித் தடைக்கால அறிவிப்பும் நல்ல பாடம். "எங்க ஃபைபர் படகுக்கு ஏன் சார் இது இல்ல?" என்ற கேள்வி கட்டாயம் வரும். தடை விசைப்படகுகளுக்கும் இழுவைப் படகுகளுக்கும் உரியது என்ற விடையோடு போக வேண்டும்.

களப்பயணம்

டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. பிள்ளைகள் முதலில் அவற்றைத்தான் பார்ப்பார்கள், பார்க்கட்டும். கல்வெட்டு மொழி புரியாவிட்டாலும் ஆண்டுகளை எண்களாகப் படித்து, பழையது எது, புதியது எது என்று வரிசைப்படுத்தலாம். கோட்டை இருந்த இடத்தில் இப்போது புதரும் இடிபாடுமே இருப்பதால் தொலைவிலிருந்து காட்டினால் போதும். ஏரியில் படகேற்றிக் காட்டும் ஆசை ஆசிரியருக்கு வரும். 2011 டிசம்பர் 25 அன்று இதே ஏரியில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். நடந்து போகும் தூரத்திலேயே பயணத்தை முடித்துக்கொள்ளலாம்.