'அல்' எனத் தொடங்கும் ஆங்கிலச் சொற்கள்

1884ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியின் முதற்பகுதி வெளிவந்தது. ஜேம்ஸ் மர்ரேயைப் பதிப்பாசிரியராகக் கொண்ட அப்பகுதியில் 'ஏ' தொடங்கி 'ஆன்ட்' (எறும்பு) வரையிலான சொற்களே அடங்கியிருந்தன. ஆதலால் 'ஏ', 'எல்' என்னும் ஈரெழுத்துகளைத் தொடக்கமாகக் கொண்ட சொற்கள் யாவும் அதில் இடம்பெற்றன. அவற்றுள் பலவற்றின் பூர்வீகம் அரபு மொழியாகும். பெயர்ச்சொல்லின் முன் நின்று அதனைச் சுட்டும் 'அல்' என்னும் அரபு முன்னொட்டே, அச்சொற்களோடு பிரியாது ஆங்கிலம் வரை வந்திருக்கிறது.

அல்ஜீப்ரா: எண்களுக்குப் பதிலாக எழுத்துகளைக் கொண்டு கணக்கிடும் கணிதப் பிரிவு. 'அல்ஜப்ர்' என்றால் உடைந்ததைச் சேர்த்துச் சீராக்குதல். கலீபா மஃமூனின் ஆட்சிக் காலத்தில் (813–833) பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, இச்சொல்லைத் தம் கணித நூலின் பெயரிலேயே அமைத்தார். வாரிசுரிமைப் பங்கீட்டுக் கணக்குகளும் அந்நூலில் விரிவாக இடம்பெற்றுள்ளன. 1145இல் ராபர்ட் ஆஃப் செஸ்டர் அதனை இலத்தீனில் பெயர்த்தார். எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியரையும் ஸ்பானிய மொழி இச்சொல்லின் அடியாகவே அழைத்தது.

அல்காரிதம்: ஒரு கணக்கைத் தீர்க்கப் படிப்படியாகப் பின்பற்றும் விதிமுறை. இன்று கணினிகளை இயக்கும் இச்சொல், அல்குவாரிஸ்மியின் பெயர் இலத்தீனில் திரிந்த வடிவமேயாகும்.

ஆல்கலி: அமிலத்தின் தன்மையை முறிக்கும் காரப்பொருள். உவர்நிலச் செடிகளை எரித்துப் பெறும் சாம்பலுக்கு 'அல்கலீ' என்று பெயர். சோப்பும் கண்ணாடியும் செய்வதற்கு அச்சாம்பல் பயன்பட்டது.

ஆல்கஹால்: போதை தரும் சாராயப் பொருள். இதன் மூலமோ, கண்ணுக்கு இடும் சுர்மாவைக் குறிக்கும் 'அல்குஹ்ல்'! மிக நுண்ணிய பொடி என்பதே ஆங்கிலத்தில் இதன் தொடக்கப் பொருள். பின்னர், வடித்தெடுத்த சாரம் என்றாயிற்று. அதன்பின் திராட்சை மதுவிலிருந்து வடித்த சாரத்தைக் குறித்தது. இறுதியில் அப்பொருளே நிலைத்துவிட்டது.

'அல்' சொல்லோடு ஒட்டிக்கொண்டது எவ்வாறு? 711 முதல் 1492 வரை முஸ்லிம் ஆட்சி நிலவிய ஸ்பெயினில், மக்கள் அரபுச் சொற்களை முன்னொட்டுடன் சேர்த்தே வழங்கினர். இத்தாலியரோ பெரும்பாலும் அதனை விட்டுவிட்டனர். பருத்தியைக் குறிக்கும் 'குத்ன்' என்னும் அரபுச்சொல் ஸ்பானிய மொழியில் 'அல்கொதோன்' எனவும், இத்தாலியில் 'கொதோனே' எனவும் வழங்குவது இதற்குச் சான்று. ஆங்கிலத்தின் 'காட்டன்' என்பதிலும் 'அல்' இல்லை.

எனினும், 'அல்' ஒலி கேட்ட மாத்திரத்தில் அரபு என்று உரிமை கொண்டாடுதல் கூடாது. 'ஆல்பம்' வெண்மையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. 'அலிபி' வேறோரிடம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல். 'அலோன்' என்பதோ, 'ஆல்', 'ஒன்' என்னும் இரு ஆங்கிலச் சொற்களின் இணைப்பு. உண்மையான பெருமைகள் இத்துணை இருக்க, இல்லாததைச் சேர்ப்பானேன்? பொய்யான ஒன்றைச் சேர்த்தால், மெய்யான பத்தும் ஐயத்திற்கு இடமாகிவிடும்.

பிள்ளைகள் அகராதியைப் புரட்டும்போது, பொருளை மட்டும் பார்த்து மூடிவிடாமல் சொல்லின் பிறப்பையும் படிக்கச் செய்யுங்கள். பாக்தாதிலிருந்து கோர்டோபா வழியே ஐரோப்பா சென்ற அறிவின் வரலாறு, அந்த ஒற்றை வரியில் அடங்கியிருக்கலாம்.