தொட்டிக் கறிவேப்பிலை வாடினால்

இலை தொங்கினால் நம் கை உடனே தண்ணீர்ச் செம்பைத் தேடும். மாமியார் காலமானபின் அவர் கொல்லையிலிருந்து தில்லிக்கு ரயிலில் கொண்டு வந்த கறிவேப்பிலைக் கன்று, சென்ற தை மாதம் துவண்டது. என் மனைவி தினம் இரு வேளை ஊற்றினாள். மேலும் துவண்டது.

விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தாகம், அடித்துளையில் வடியும்வரை ஊற்றலாம். எங்கள் தொட்டியிலோ சேறு! குளிரில் கறிவேப்பிலையின் வளர்ச்சி நின்றுவிடும். நீரும் அதிகம் குடிக்காது. காற்றில்லாத வேர் அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது.

அடித்துளை அடைத்திருந்தது. வடிகால் அடைத்தால் ரயில் கரை சரியும் என்று 34 வருடம் பிறருக்குச் சொன்னவன் நான்! கறுத்த வேர்களை வெட்டி, மணல் கலந்த புது மண்ணில் நட்டு, மண் காய்ந்தால் மட்டுமே நீர் விட்டோம்.

ஹோலிக்குப் பின் இரண்டு துளிர் வந்தது. ரசத்துக்கு இலை இன்னும் கடையில்தான். அந்தச் செடியில் கை வைக்க அவள் விடுவதில்லை.