பதிவேட்டில் இல்லாத கட்டம்

போத்தனூருக்கு 1862லேயே ரயில் வந்துவிட்டது. கோயமுத்தூர் டவுனுக்கு அது எட்ட இன்னும் 11 ஆண்டுகள் ஆயின. வண்டி வந்த நேரம், போன நேரம் எல்லாம் ஸ்டேஷன் பதிவேட்டில் ஏறும். இறங்கியவர் யாரைப் பார்க்க வந்தார் என்று எழுத மட்டும் அதில் கட்டம் கிடையாது; ரயில்வேக்கு அது தேவையும் இல்லை. ஆனால் கலைக்குத் தேவைப்படலாம். கைவண்ணத்தைவிட எண்ணத்தையே படைப்பாகக் கொள்வது கருத்துக்கலை. அதில் அன்றாடத் தகவல்களை எடுத்தாளும் ஒரு கிளை உண்டு. அலுவலகம் விட்டுவைத்த அந்தக் கட்டத்தை நிரப்புவதுதான் அதன் வேலை என்பேன்.

அப்படியானால் காலண்டரில் குறிக்கும் பால் கணக்கும் கலைதானா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பால் கணக்கு மாதம் முடிந்து காசு கொடுத்ததும் தீர்ந்துவிடும். ஜப்பானியரான ஆன் கவாரா 1966 ஜனவரி 4 முதல் அன்றன்றைய தேதியை மட்டுமே ஓவியமாகத் தீட்டினார். நள்ளிரவுக்குள் முடியாததை அழித்துவிடுவார். அவர் 2014இல் இறப்பதற்குச் சற்று முன்புவரை அந்த வரிசை நீண்டது. யாருக்கும் தீர்க்க வேண்டியிராத கணக்கு அது. தேதியை யாரும் எழுதலாம், ஆனால் அந்த விதிக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு கட்டுப்பட்டிருப்பது வேறு விஷயம்.

நமக்கு நெருக்கமான சான்று யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் கால நிலப் பதிவேட்டுக்கு அங்கே தோம்பு என்று பெயர். ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ அந்தப் பதிவேட்டையே திருப்பிப் போடுகிறது. போரில் இடம்பெயர்ந்த 80 பேர், விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தார்கள். கூடவே அவர்கள் சொன்ன கதை, கட்டடக்கலைஞர் திருத்தமாகப் போட்ட வரைபடம், சனாதனனின் ஓவியம் ஆகியவையும் உண்டு. எல்லாம் அலுவலகக் கோப்பு போலத் தைக்கப்பட்டிருக்கின்றன. நினைவில் போட்ட படத்தில் அளவு பிசகுமே, அது எப்படித் தகவலாகும் என்பார்கள். சர்வேயருக்கு ஆகாதுதான். ஆனால் கைக்கோட்டுக்கும் ஸ்கேல் கோட்டுக்கும் நடுவே விழும் அந்தப் பிசகுதான் இங்கே பதிவாகிறது. நினைவு எதைப் பெரிதாக வைத்திருக்கிறது, எதை விட்டுவிட்டது என்பதை எந்தத் தாலுகா ஆபீஸும் குறித்துவைப்பதில்லை. பிறர் துயரத்தைக் காட்சிப்பொருளாக்குவது சரியா என்ற கேள்வியை அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது. இங்கே முதல் கோட்டை இழுத்தவர்கள் வீட்டை இழந்தவர்களே என்பது என் பதில்.

போத்தனூரில் பழைய ஓட்டு வீட்டை இடிக்கப் போகிறவர்கள், ஜேசிபி வருவதற்குள் வீட்டுப் பெரியவர் கையில் ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள்.