மனைவி என்பதற்கு அத்தாட்சி

கந்தளாய்ச் சந்தியில் காலை பஸ் ஏறித் திருகோணமலைக் கச்சேரிக்குப் போகிறவர்களில் சிலர் மடியில் ஒரு பொலித்தீன் பை வைத்திருப்பார்கள். சாப்பாட்டுப் பை வேறு. இது மடிப்புக் கலையாமல், மழையில் நனையாமல், பிள்ளையின் கை படாமல் வருகிற பை. உள்ளே அடையாள அட்டையின் போட்டோக்கொப்பி, விவாகச் சான்றிதழ், மரண அத்தாட்சி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், சமாதான நீதவான் முத்திரை குத்திய சத்தியக் கடதாசி ஒன்று. பையை வைத்திருப்பவர் சிங்களப் பெண்ணோ முஸ்லிம் பெண்ணோ தமிழ்ப் பெண்ணோ, உள்ளே இருப்பது ஏறத்தாழ ஒன்றுதான். கணவர் அரச சேவையில் இருந்து இறந்தவர். இந்தப் பக்கத்தில் அது பல வேளைகளில் படைச் சேவை.

கந்தளாய்க்காரருக்கு ஆலை புதிதல்ல. சீனி ஆலை ஒருகாலத்தில் ஊரின் பெருமை. அந்தப் பழக்கத்தில் இந்தப் பையையும் ஓர் ஆலையாக வைத்துப் பார்க்கிறேன். ஒரு வாயால் கடதாசி போகிறது. மறு வாயால் மாதாமாதம் காசு வருகிறது. நடுவில் அரைபடுவது என்ன?

ஆலை கேட்கும் கேள்வி மூன்று. அவர் படையில் இருந்தாரா, இறந்தாரா, நீங்கள் அவருடைய மனைவியா. முதல் கேள்விக்குப் பதில் படையிடமே இருக்கிறது. இரண்டாவதுதான் கனமானது என்று வெளியே நிற்பவர் நினைப்பார். கோவை தூக்கித் திரிந்தவர்களைக் கேட்டால் மூன்றாவதைச் சொல்வார்கள். பற்சக்கரம் சிக்குவது அங்கேதான்.

ஏன் என்றால், கல்யாணம் ஊருக்குத் தெரியும், அலுவலகத்துக்குத் தெரியாது. இலங்கையின் 1907ஆம் ஆண்டுப் பொது விவாகக் கட்டளைச் சட்டப்படி பதிவேடுதான் விவாகத்துக்கு மிகச் சிறந்த சான்று. ஆனால் பதியாத வழமைத் திருமணம் செல்லாது என்று நீதிமன்றங்கள் தள்ளிவிடுவதில்லை. கோயிலில் தாலி கட்டிக் குடும்பம் நடத்தியதைச் சாட்சி வைத்து நிறுவலாம். முஸ்லிம்களுக்கு 1951இன் சட்டம். பதியாமல் விட்டது மட்டுமே நிக்காஹைச் செல்லாததாக்கிவிடாது என்பது அதன் நிலை. கண்டியச் சிங்களவருக்கு 1952இன் சட்டம். அதில் பதிவு இல்லையென்றால் விவாகமே இல்லை. கந்தளாயின் குடியேற்றத் திட்டங்களில் இந்த மூன்று வகையினரும் ஒரே வாய்க்கால் தண்ணீரில் வயல் செய்கிறார்கள். பக்கத்து வளவுக்காரிகள் மூவருக்கு, நீ மனைவியா என்ற கேள்விக்கு மூன்று சட்டம் மூன்று விதமாக வாய் திறக்கும்.

பதிவு இருந்தாலும் எழுத்து இடிக்கும். பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஒரு பெயர், படை ஏட்டில் சிங்களத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன இன்னொரு பெயர், வங்கியில் மூன்றாவது. தகப்பன் பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா என்பதிலேயே ஒருவர் இருவராகிவிடுவார். அந்த இருவரையும் மறுபடி ஒருவராக்கும் வேலையைத்தான் சத்தியக் கடதாசி செய்கிறது. இன்ன பெயரும் இன்ன பெயரும் ஒரே ஆளையே குறிக்கும் என்று எழுதி, சமாதான நீதவான் முன்னால் ஒப்பம். அதிலும் சின்ன வேறுபாடு உண்டு: கிறிஸ்தவர்கள் சத்தியம் செய்வார்கள், இந்துவும் பௌத்தரும் முஸ்லிமும் உறுதியுரை கூறுவார்கள். முத்திரை என்னவோ ஒன்றுதான்.

இதே சிக்கலை இரண்டு நூற்றாண்டுக்கு முன் அமெரிக்கா மிகப் பெரிய அளவில் பட்டது. பிரித்தானியாவை எதிர்த்துப் போரிட்டபோதே, 1780 ஆகஸ்டில், இறந்த அதிகாரிகளின் விதவைகளுக்கு ஏழு ஆண்டு அரைச் சம்பளம் என்று அவர்களுடைய காங்கிரஸ் தீர்மானித்தது. அதிகாரிகளுக்கு மட்டும். சாதாரணச் சிப்பாயின் விதவைக்குப் பொதுவான வழி திறந்தது 1836இல்தான். போர் முடிந்து அரை நூற்றாண்டு கழிந்திருந்தது. எஞ்சியிருந்தவர்கள் கிழவிகள். அதிலும் ஒரு வரம்பு: கணவரின் கடைசிச் சேவை முடியுமுன் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். 1838இல் அந்த வரம்பு 1794க்குத் தள்ளப்பட்டது. 1848இல் 1800 வரை வந்தது. 1853இல் எப்போது கட்டினாலும் சரி என்றாயிற்று. கேட்பவர்கள் குறையக் குறையச் சட்டத்தின் கை தாராளமாகிறது. கணக்குப்பிள்ளைகளுக்கு இதன் காரணத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தத் தாராளத்தின் கடைசி நுனியில் வெர்மண்ட் மாநிலத்து எஸ்தர் டேமன் நிற்கிறார். 1835இல், இருபத்தொரு வயதில், எழுபதைத் தாண்டிய பழைய போர்வீரர் ஒருவரை மணந்தவர். 1906 நவம்பரில் இறக்கும்வரை பென்சன் வாங்கினார். 1783இல் முடிந்த போருக்கு இருபதாம் நூற்றாண்டிலும் காசு போய்க்கொண்டிருந்தது.

அவர்களுடைய முதற் கேள்வியே பழுதடைந்திருந்தது. 1800 நவம்பரில் போர்த் திணைக்களத்தில் தீ. படை ஏடுகள் எரிந்துபோயின. யார் எங்கே போரிட்டார் என்பதற்கு அரசிடமே தாள் இல்லை. அதனால் விண்ணப்பிக்கிறவர் உள்ளூர் நீதிமன்றத்துக்குப் போய், நினைவிலிருந்து கதை சொல்ல வேண்டும். எழுத்தர் அதைப் படர்க்கையில் எழுதுவார். கல்யாணத்தை நிறுவக் குடும்ப பைபிள். பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவில் பிறப்பு, திருமணம், இறப்பு எழுதவென்று வெற்றுத்தாள் விட்டிருப்பார்கள். பல விதவைகள் அந்தத் தாளைக் கிழித்தோ வெட்டியோ வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். பைபிள் வீட்டில், கல்யாணம் அரசிடம். சிலர் தையல் வேலைப்பாட்டில் குடும்பப் பெயர்கள் பின்னிய துணியையே அனுப்பினார்கள். இப்படிச் சேர்ந்த சுமார் 80,000 கோவைகள் இன்று அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தீ பிடித்திராவிட்டால் எழுத்தறியாத சிப்பாய்களும் அவர்களின் மனைவிகளும் பேசிய இத்தனை பேச்சு எழுத்தில் ஏறியிருக்காது.

அந்தக் குவியலில் ஒரு கோவை சாரா ஆஸ்போர்ன் உடையது. 1837 நவம்பரில், 81 வயதில், பென்சில்வேனியாவின் வேய்ன் கவுண்டி நீதிமன்றத்தில் வாக்குமூலம் கொடுத்தார். கணவர் ஆரன் கொல்லர், படையில் சேர்ந்தார். சாரா பின்னாலேயே போனார். துணி துவைத்தார், சமைத்தார். 1781இல் யார்க்டவுன் முற்றுகையின்போது பதுங்குகுழிகளுக்கு மாட்டிறைச்சியும் ரொட்டியும் கோப்பியும் சுமந்தார். குண்டுக்குப் பயமில்லையா என்று தளபதி வாஷிங்டனே கேட்டதாகவும் தாம் சளைக்காமல் பதில் சொன்னதாகவும் வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறார். போருக்குப் பிறகு ஆரன் அவரை விட்டுவிட்டு, விவாகரத்தும் செய்யாமல் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டார். சாராவும் பிறகு வேறொருவரை மணந்து, அவரையும் இழந்துவிட்டார்.

இந்தக் கோவையைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல் வரும். குண்டுக்கு நடுவில் இறைச்சிச் சட்டி சுமந்தவர் சாரா. பென்சன் கிடைத்தது அந்தச் சுமைக்கு அல்ல. விட்டுவிட்டு ஓடிய ஆரனின் மனைவி என்பதற்கு. தாம் செய்ததை அவர் விரிவாகச் சொன்னதுகூட, கணவர் அந்தப் படையில் இருந்தார் என்பதற்குச் சாட்சியாகவே கோவையில் ஏறியது. கதை மறுபுறமாகவும் ஒருமுறை நடந்திருக்கிறது. ஆண்வேடம் போட்டுப் படையில் சேர்ந்து காயம்பட்ட டெபோரா சாம்ப்சன் 1805 முதல் தம் பெயரிலேயே பென்சன் பெற்றவர். அவர் இறந்தபின் கணவர் மனுப் போட்டார், போர்வீரரின் துணைவராக! 1838இல் காங்கிரஸ் ஒப்புக்கொண்டபோது அந்த மனிதரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மனைவி வழியாகப் பென்சன் பெறும் கணவருக்கு இலங்கையில் ஒரு சொல்லே இருக்கிறது, தபுதாரர். தொல்காப்பியக் காலத்துச் சொல்லை அரச படிவம் காப்பாற்றி வைத்திருப்பது ஒரு வேடிக்கை.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னும் பழைய வடிவம் உண்டு. தருமபுரி, செங்கம் பக்கத்து நடுகற்களையும் கல்வெட்டுகளையும் படித்தவர்களுக்கு நெத்தோர்பட்டி, உதிரப்பட்டி என்ற சொற்கள் தெரியும். இரண்டிலும் இரத்தம் இருக்கிறது. ஆநிரை மீட்டோ ஊர் காத்தோ இறந்தவனின் குடும்பத்துக்கு விட்ட நிலம் அது. கன்னடத்தில் நெத்தரு கொடகை என்பார்கள். இங்கே விண்ணப்பம் இல்லை, மூன்றாவது கேள்வியும் இல்லை. கொடுப்பது ஊர், ஊருக்கு அவன் மனைவி யார், பிள்ளை எது என்று தெரியும். கேட்பவரும் கொடுப்பவரும் முகம் அறியாதவர்களாக ஆன பிறகுதான் கடதாசி வேண்டியிருந்தது. ஊரை நான் புகழவில்லை. ஊருக்குப் பிடிக்காத மனைவிக்கு அந்த நிலத்தில் ஒரு பிடி மண்ணும் கிடைத்திராது.

கந்தளாய்க்கே ஒரு கல் இருக்கிறது. பக்கத்துப் பாலமோட்டையில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, பொலன்னறுவையில் சோழராட்சி முடிந்த பின் வந்த முதலாம் விசயபாகுவின் காலத்தது. கந்தளாய் அப்போது பிராமணர்களுக்கு விட்ட ஊர். விசயராச சதுர்வேதிமங்கலம் என்று மன்னன் பெயரால் அழைக்கப்பட்டது. அங்கிருந்த சிவன் கோயிலுக்கு ஒரு விதவை, இறந்த கணவரின் நன்மைக்காகப் பொருள் வைத்துக் கட்டளை ஏற்படுத்துகிறார். அதைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரப் படையின் கையில் கொடுக்கப்பட்டது.

இன்றைய பையைத் தலைகீழாகப் பிடித்தால் இந்தக் கல் வரும். படைவீரனின் விதவை அரசிடம் கேட்கவில்லை. ஒரு விதவை தன் பொருளைக் கொடுத்துப் படைவீரரைக் காவல் வைக்கிறார். நியாயமான தெரிவுதான். அரசர் மாறுவர், படைக்குழு ஒரு நிறுவனமாகத் தொடரும். ஆனாலும் இந்த வேளைக்காரர்கள்தான் இதே விசயபாகுவின் ஆட்சியில், சோழருக்கு எதிராகப் போகச் சொன்னதற்காக அரசனையே எதிர்த்துக் கலகம் செய்தவர்கள். அரசனுக்கு அடங்காதவர்களிடம் ஓர் அறக்கட்டளை ஒப்படைக்கப்பட்டது என்றால், அவர்களுடைய வாக்குக்கு ஊரில் என்ன மதிப்பு இருந்திருக்க வேண்டும் என்று யோசிக்கலாம். பொதுவாகக் கல்வெட்டுகளின் கடைசியில் அறத்தைக் கெடுப்பவனுக்குச் சாபம் இருக்கும். சத்தியக் கடதாசியின் இடத்தில் அன்று இருந்தது அது. பொய்ச் சத்தியத்துக்கு இன்று சிறை, அன்று நரகம்.

நவீன ஆலை இலங்கையில் எழுந்தது 1898இல், விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய நிதிக் கட்டளைச் சட்டத்தோடு. அதன் பொறிமுறையில் இரக்கத்துக்கு வேலை இல்லை. உத்தியோகத்தரின் சம்பளத்தில் மாதாமாதம் ஒரு பங்கு வெட்டப்படும். அவர் இறந்தால் அந்த நிதியிலிருந்து குடும்பத்துக்குப் போகும். வங்காளத்தில் கிளைவ் 1770இல் தொடங்கிய நிதி இப்படியல்ல. மீர் ஜாபர் தமக்கு விட்டுச்சென்ற ஐந்து இலட்சம் ரூபாயை மூலதனமாக வைத்து, கும்பனியின் ஐரோப்பியப் படையினருக்கும் அவர்களின் விதவைகளுக்கும் கொடுத்தது அது. கொடையில் வாங்குகிறவர் தலை குனிய வேண்டும். சம்பளத்தில் வெட்டியதை வாங்குகிறவர் குனியத் தேவையில்லை. கச்சேரி வாங்கில் காத்திருக்கும்போது இந்த வேறுபாடு யாருக்கும் நினைவில் நிற்பதில்லை என்பது வேறு விஷயம். முப்படையினரின் குடும்பங்களுக்கு 1970இல் தனிச் சட்டம் வந்தது. பெண் உத்தியோகத்தர்களின் கணவர்கள், அதாவது தபுதாரர்கள், 1983இல்தான் உள்ளே வந்தார்கள்.

இரண்டாவது கேள்வியும் இங்கே ஒருநாள் உடைந்தது. போரில் உடல் கிடைக்காமற் போனவருக்கு மரண அத்தாட்சி எப்படி வரும்? ஏழு ஆண்டு தகவலே இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது பழைய சான்றுச் சட்டம். 2010இன் தற்காலிக மரணப் பதிவுச் சட்டம் அதை ஓராண்டாகக் குறைத்தது. ஆனால் அதற்கு மனைவியே, என் கணவர் இறந்துவிட்டார் என நம்புகிறேன் என்று ஒப்பமிட வேண்டும். வடக்குக் கிழக்கில் எத்தனையோ பேர் பேனாவைத் தொட மறுத்தார்கள். 2016இல் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் கொண்டுவரப்பட்டது: ஆள் இல்லை என்று சொல்லும், இறந்தார் என்று சொல்லாது. சட்டம் ஒரு பெண்ணின் வாய்க்கு இடம் விட்டு எழுதப்பட்ட அரிய தாள் என்று அதைச் சொல்வேன்.

ஆலை தன் பக்கத்து இரத்தத்தை மட்டுமே அடையாளம் காணும். எதிர்ப்பக்கம் நின்று இறந்தவனின் மனைவிக்கு இந்த வாய் திறப்பதில்லை; இங்கும் அப்படித்தான், உள்நாட்டுப் போருக்குப் பிந்திய அமெரிக்காவில் தோற்ற தெற்கிலும் நெடுங்காலம் அப்படித்தான். தென்பகுதிப் படையில் இருந்து ஓடிப்போய் வடபகுதிப் படையில் சேர்ந்த மோஸ் டிரிப்ளெட் என்பவரின் மகள் ஐரீன், 2020 மே மாதம் இறக்கும்வரை மாதம் 73 டொலர் 13 சதம் வாங்கிக்கொண்டிருந்தார். போர் முடிந்து 155 ஆண்டு. தகப்பன் அணி மாறியதற்கு வந்த வட்டி அது.

பையோடு போன பெண் மத்தியானம் கழித்துக் கந்தளாயில் இறங்குவார். எல்லாம் சரியாகி, சில மாதம் கழித்து முதற் காசு வங்கிப் புத்தகத்தில் ஏறிவிடும் என்று வைத்துக்கொள்வோம். ஆலை அத்தோடு விடுவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை அது நான்காவது கேள்வி ஒன்றைக் கேட்கும்: நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா? அதற்கு உயிர்வாழ் சான்றிதழ். கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்தி ஒப்பமிட வேண்டும். அதே கிராம உத்தியோகத்தர் முதல்நாள் மாலை அவர் வேலியோரம் நின்று கறிவேப்பிலை கேட்டு வாங்கிப் போயிருப்பார். அதெல்லாம் கணக்கில் வராது. பையை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.