அரசினர் உதவி பெறுவோர்க்கு வீடு குடிக்கூலிக்கு விடுதல்

வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் செய்து பார் என்பது நம் முன்னோர் வாக்கு. கட்டிய வீட்டைக் குடிக்கூலிக்கு விட்டுப் பார் என மூன்றாவதும் ஒன்று சேர்த்திருப்பாராயின் மிகப் பொருத்தமாயிருந்திருக்கும். கூலி காலத்தில் வருமோ, வாராதோ என்னும் கவலை எந்நாட்டு வீட்டுக்காரர்க்கும் பொது. ஐக்கிய அமெரிக்க நாட்டிலோ, எளியோரின் குடிக்கூலியில் ஒரு பகுதியைச் சர்க்காரே நேராக வீட்டுக்காரர்க்குச் செலுத்தும் ஏற்பாடொன்று உளது. நம் கல்லூரிப் பழைய மாணவருள் அங்குக் குடியேறி வீடு வாங்கினாரும் சிலர் இருத்தலின், அதனை ஈண்டுச் சிறிது விளக்கப் புகுந்தோம்.

1937-ஆம் ஆண்டு வீட்டுச் சட்டத்தால் அந்நாட்டார் மேற்கொண்ட முறை, பொதுச் செலவில் எளியோர்க்கு வீடு கட்டித் தருதலாம். 1974-இல் அச்சட்டத்தின் எட்டாம் பிரிவு திருத்தியமைக்கப்பெற்றது. தனியார் வீடுகளில் எளியோர் குடிபுகுந்து, கூலிக்குச் சர்க்கார் துணை பெறும் வழி அதனால் திறந்தது. இன்றும் மக்கள் அதனை 'செக்ஷன் எட்டு' என்றே வழங்குவர். இவ்வுதவிச் சீட்டினால் இந்நாளில் ஏறக்குறைய 23 லக்ஷம் குடும்பங்கள் வாழ்கின்றன.

கணக்கு எவ்வாறெனின், குடும்பத்தார் தம் வருமானத்தில், சில கழிவுகள் போக, பொதுவாக 100-க்கு 30 பங்கு செலுத்துவர். எஞ்சியதை, தான் வகுத்த உச்ச அளவுக்கு உட்பட்டு, அவ்வூர் வீட்டுதவி நிலையம் செலுத்தும். ஒரு வீட்டின் மாதக் கூலி, விளக்கு வெந்நீர்ச் செலவு உட்பட, 1,200 டாலர் என்றும், அது அவ்வுச்ச அளவைக் கடவாதென்றும் கொள்வோம். கழிவு போகக் குடும்ப வருமானம் 1,500 ஆயின், அவர் தருவது 450. நிலையம் தருவது 750. அவர் வேலையிழந்து வருமானம் 500-ஆகக் குறைந்ததெனின், அதனை அறிவித்துக் கணக்கை மாற்றிக்கொண்டபின் அவர் பங்கு 150 ஆகும். நிலையத்தின் பங்கு 1,050-ஆக உயரும். வீட்டுக்காரர் கையில் வருவதோ அதே 1,200. ஏனைக் குடியிருப்போர் வேலையிழந்தால் வீட்டுக்காரர்க்குக் கிடைப்பது பெரும்பாலும் சாக்குப்போக்கேயன்றோ?

ஆயினும் குடிவருவோரின் ஒழுக்கத்துக்கு நிலையம் பிணை நில்லாது. முன்னிருந்த வீட்டில் கூலியை ஒழுங்காய்க் கொடுத்தனரா, வீட்டைப் பழுதுறாது வைத்திருந்தனரா என வினவித் தெளிதல் வீட்டுக்காரர் பொறுப்பே. தெளிந்தபின் இருவரும் ஒப்பி நிலையத்துக்கு விண்ணப்பம் விடுப்பர். கேட்கும் கூலி, அப்பக்கத்து உதவி பெறாத ஒத்த வீடுகளின் கூலிக்கு ஏற்புடைத்தா என நிலையம் ஆராயும். பின்னர் வீட்டைச் சோதிக்க ஆள் வரும்.

வீட்டுக்காரர் பலர் அஞ்சுவது இச்சோதனைக்கே. புகையறிவிக்கும் கருவி ஒலிக்கின்றதா, கதவு பூட்டுகின்றதா, கூரை ஒழுகுகின்றதா என ஒவ்வொன்றாய்ப் பார்ப்பர். 1978-க்கு முன் கட்டிய வீட்டில் ஆறு வயதிற்குட்பட்ட குழந்தை குடிவருமாயின், உரியும் வர்ணத்தின்மேல் தனிக் கண் வைப்பர். பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருத்தலும், அது குழந்தைகளின் மூளைக்குக் கேடு விளைத்தலுமே காரணம். குறை காணின் திருத்தி மறுபடி காட்டுதல் வேண்டும். அதுவரை வீடு வெறுமையாய்க் கிடக்கும். நிலையமும் காசு தாராது. இக்குறைபாட்டை வீட்டுக்காரர் எடுத்துரைப்பது நியாயமே என்போம். எனினும், சோதகர் கேட்பவற்றுட் பெரும்பாலன நல்ல வீட்டுக்காரர் ஒருவர் கேளாமலே செய்திருக்க வேண்டியன.

சோதனை தேறியபின், குடியிருப்போரோடு ஒன்றும் நிலையத்தோடு ஒன்றுமாக இரண்டு உடன்படிக்கைகள் எழுதப்பெறும். முதலாவதன் காலம் பெரும்பாலும் ஓராண்டு. அம்முதற் காலத்துள் கூலியை உயர்த்தலாகாது. குறித்த கூலிக்கு மேல் ஒரு டாலரேனும் மறைவாய்ப் பெறுதல் குற்றம். இடையில் வீடு பழுதுற்று, உயிர்க்கு அபாயமானதை 24 மணி நேரத்திலும் ஏனையவற்றை 30 நாளிலும் வீட்டுக்காரர் திருத்தாவிடின், நிலையம் தன் பங்கை நிறுத்திவிடும். அப்பங்கைக் குடியிருப்போரிடம் கேட்டல் இயலாது.

சீட்டுடையாரை ஏற்றே தீரவேண்டுமென அந்நாட்டு மத்திய சட்டம் பொதுவாக விதிக்கவில்லை. கலிபோர்னியா முதலிய சில மாகாணங்களிலோ, சீட்டொன்றையே காரணமாக்கி மறுத்தல் சட்ட விரோதம். கலிபோர்னியாவில் இவ்விதி 2020-இல் நடைமுறைக்கு வந்தது. பிறவிடங்களில் 'செக்ஷன் எட்டு வேண்டா' என்று வாயிலிலேயே சொல்லி அனுப்புவாரும் உளர். உதவிக்குத் தகுதியுடையாருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர்க்கே அது கிட்டுகின்றது. பல ஊர்களில் பெயரைப் பதிந்துகொண்டு ஆண்டுக்கணக்காய்க் காத்திருந்தே சீட்டைப் பெறுகின்றனர். பெற்ற பின் வீடு தேடுதற்கு விதி உறுதிசெய்வது 60 நாள். ஒவ்வொரு வாயிலிலும் மறுக்கப்பெற்று அந்நாள் கடந்ததெனின், நிலையம் தவணையை நீட்டினாலன்றிச் சீட்டுச் செல்லாததாகும். அக்குடும்பத்தார் மீண்டும் பெயரைப் பதிந்து, வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியவராவர்.