கப்பக்காரர் வீடு

1971 இந்திய-பாகிஸ்தான் போரின்போது கிழக்குக் கடற்படைப் பிரிவின் தளபதியாக இருந்தவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். நாகர்கோவிலில் பிறந்தவர். எங்கள் ராதாபுரத்துப் பனங்காட்டிலிருந்து அந்த ஊர் அப்படியொன்றும் தூரமில்லை. விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலைத் தேடி பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி வங்கக் கடலுக்கு வருகிறது என்று தெரிந்ததும், விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒளித்துவைத்துவிட்டு, அது விசாகப்பட்டினத்தை ஒட்டியே நிற்பதுபோல் அவர் ஒரு நாடகம் நடத்தினார். ராஜ்புத் என்ற பழைய கப்பல் விக்ராந்தாக வேடம் கட்டியது. பெரிய கப்பலுக்கு வேண்டிய அளவுக்கு விசாகப்பட்டினத்தில் உணவுப் பொருள்கள் கேட்கப்பட்டன. இத்தனைக்கும் மேலே ஒரு தந்தி. விக்ராந்தில் இருக்கும் மாலுமி ஒருவர், கடும் நோயில் கிடக்கும் தன் தாயின் நிலைமையை விசாரிப்பதாக, யார் கேட்டாலும் புரியும் சாதாரண மொழியில் அனுப்பினார்கள். எதிரியின் காதில் விழட்டும் என்றே அனுப்பியது அது. டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஸி மூழ்கியது.

அந்தத் தாய் கற்பனைத் தாய். ஆனால் எதிரி நம்புவான் என்று கிருஷ்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. எந்த நாட்டுக் கப்பலாக இருந்தாலும், ஒரு மாலுமி கட்டுப்பாட்டை மீறுவதென்றால் பெற்றவளுக்காகத்தான் மீறுவான் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அதே டிசம்பரில் எங்கள் வீட்டில் நிஜமான தாய் ஒருத்தி இருந்தாள். என் அம்மா. அண்ணன் பதினாறு வயதில் பாய்ஸ் என்ட்ரியில் சேர்ந்து, வைசாக்கில் பயிற்சி முடித்து, கிழக்குப் பக்கக் கப்பல் ஒன்றில் இன்ஜின் அறையில் இருந்தான். எந்தக் கப்பல் என்று அம்மாவுக்குத் தெரியும். எந்தக் கடலில் என்று தெரியாது. முகவரி என்று அவளுக்கு இருந்ததெல்லாம் கப்பலின் பெயரும், கேர் ஆஃப் ஃப்ளீட் மெயில் ஆபீஸ், விசாகப்பட்டினம் என்ற வரியும்தான். அந்த வரியை நான்தான் இன்லண்டு கடிதங்களில் எழுதுவேன். அவள் சொல்லச் சொல்ல எழுதி முடித்த பிறகும் மடிக்க விடமாட்டாள்; ஓரத்தில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பாள். "எண்ணெய் தேச்சுக் குளிக்கானான்னு ஒரு வரி போடுய்யா."

போர் தொடங்கியதும் கடிதம் நின்றது. பஞ்சாயத்து ரேடியோவில் ஆகாசவாணிச் செய்தி மட்டும் வந்துகொண்டிருந்தது. டிசம்பர் 9 இரவு குக்ரி கப்பல் டையூ அருகே மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போய்விட்டார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்கவில்லை. இந்த விவரமெல்லாம் நான் பிற்பாடு படித்தது. அன்று எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது ஒரே வாக்கியம்: "நம்ம கப்பல் ஒண்ணு முங்கிப்போச்சாம்." குக்ரி மேற்குக் கடல், அண்ணன் இருப்பது கிழக்குக் கடல் என்று வாத்தியார் வந்து மண்ணில் படம் போட்டுக் காட்டினார். அம்மா கேட்டுக்கொண்டாள். கடலெல்லாம் ஒன்றுதானே என்றாள். தை பிறந்த பிறகுதான் அண்ணனின் கையெழுத்து வந்தது. கடிதத்தைத் தந்த தபால்காரரைத் திண்ணையில் உட்காரவைத்து, அவள் தன் கையால் சோறு போட்டாள்.

பெருமை அவளுக்கு இல்லாமல் இல்லை. அதற்கு வடிவம்தான் வேறு. வைசாக் ஸ்டுடியோவில் வெள்ளை யூனிஃபார்மில் எடுத்த போட்டோ, சுவரில் முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவில் தொங்கியது. லீவில் வரும்போது அண்ணன் கொண்டுவரும் கறுப்பு டிரங்குப் பெட்டியில் வெள்ளைப் பெயின்டில் அவன் பெயரும் நம்பரும் இருக்கும். அந்தப் பெட்டியைத் திண்ணையிலேயே ஒரு நாள் வைத்திருந்து, தெரு பார்த்து முடித்த பிறகுதான் உள்ளே எடுத்துப்போவாள். மாதா மாதம் மணியார்டர். தெருவுக்கு நாங்கள் 'கப்பக்காரர் வீடு' ஆனோம். ஆனால் தன் மகன் அணிவகுத்து நடந்ததை அவள் பார்த்ததில்லை. அவன் வேலை செய்த கப்பலையோ வேறெந்தப் போர்க்கப்பலையோ பார்த்ததில்லை. அவள் பார்த்த கடல் உவரிக் கோயிலுக்குப் போகும்போது கண்ட கடல். மகன் என்ன வேலை செய்கிறான் என்று கேட்பவர்களிடம் "கப்பல் ஓட்டுதான்" என்பாள். கப்பல் தளத்துக்குக் கீழே வெக்கையில், எண்ணெய்க் கறையோடு, வெளியே பகலா இரவா என்று தெரியாமல் அவன் நின்ற இடத்தைப் பற்றி அண்ணனும் அவளிடம் சொன்னதில்லை. அதற்காக அவனை நான் குறைசொல்ல மாட்டேன். என் மகளும் என்னிடம் எல்லாவற்றையும் சொல்வதில்லை.

மகள் கடற்படை அதிகாரி. 1992இல்தான் கடற்படை பெண்களை அதிகாரிகளாகச் சேர்க்கத் தொடங்கியது. நிரந்தரப் பணிக்கான உரிமையை 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அவள் விண்ணப்பித்தபோது சொந்தக்காரர்களில் பாதிப் பேர் "பொம்பளப்பிள்ளைய கப்பலுக்கா அனுப்புதிய?" என்றார்கள். மீதிப் பேர் "மெர்ச்சன்ட் நேவியா? சம்பளம் லட்சத்துல வருமே" என்றார்கள். சரக்குக் கப்பல் வேலை வேறு, நாட்டின் போர்க்கப்பல் வேலை வேறு என்று இன்றும் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். சலிப்பு இல்லை. சொல்லக் கிடைக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்குச் சந்தோஷம்தான்.

கண்ணூர் மாவட்டத்து எழிமலையில் 2009 ஜனவரியில் திறந்த கடற்படை அகாடமிதான் இன்று அதிகாரிகளை உருவாக்கும் இடம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் அரபிக்கடல். பயிற்சி முடியும் அணிவகுப்புக்குப் பெற்றோரை அழைக்கிறார்கள். பஞ்சாபிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் வந்தவர்கள் நடுவே நானும் மனைவியும் உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகள் மெல்லிய நடையில் கடைசி அடியைத் தாண்டிப் போனபின், பெற்றோரை மைதானத்துக்குள் வரச் சொன்னார்கள். தோளில் மறைத்துவைத்திருக்கும் பதவிப் பட்டையைத் திறந்துவிடும் உரிமை பெற்றவர்களுக்கு. ஒரு தோள் மனைவிக்கு, ஒரு தோள் எனக்கு. பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்த கை இது; அன்று சின்னத் துணியைப் பிரிக்க முடியாமல் நடுங்கியது. மகள் நிமிர்ந்து எதிரே பார்த்தபடி, உதடு அசையாமல், "அப்பா, மெதுவா" என்றாள்.

அரசு இந்தச் சடங்கில் பெற்றவர்களின் கையைச் சேர்த்துக்கொண்டது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. குடும்பத்தாரைக் கப்பலில் ஏற்றி ஒருநாள் கடலுக்குள் கூட்டிப்போகும் வழக்கமும் உண்டு. இன்ஜின் அறையின் சத்தத்தை நான் என் காதால் கேட்டது அப்படி ஒரு நாளில்தான். அண்ணன் அதற்குள் எத்தனை வருஷம் நின்றான் என்பது அன்று எனக்கு விளங்கியது. ஊருக்கு வந்ததும் அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "இப்ப உள்ளது சத்தமே இல்லடே" என்று சிரித்தான்.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. பிள்ளைகள் செய்யும் வேலை இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. 2024 ஜனவரியில் சோமாலியாவுக்கு அப்பால் லீலா நார்ஃபோக் என்ற சரக்குக் கப்பலைக் கொள்ளையர் பிடித்தபோது, ஐஎன்எஸ் சென்னை விரைந்து போய் 21 பேரை மீட்டது. அவர்களில் 15 பேர் இந்தியர். அதே மாதம் ஏவுகணை தாக்கித் தீப்பற்றிய மார்லின் லுவாண்டா எண்ணெய்க் கப்பலில் ஐஎன்எஸ் விசாகப்பட்டினத்தின் வீரர்கள் ஏறித் தீயணைத்தார்கள். புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி, தோழி தில்னாவுடன் தாரிணி என்ற 56 அடிப் பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2ஆம் தேதி கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே மாத இறுதியில் திரும்பினார். இரண்டே பெண்கள். எந்தக் கரைக்கும் 2,600 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் பாயின்ட் நீமோவைக் கடந்தார்கள் என்ற செய்தி வந்த அன்று, மனைவி அந்த இருவரின் பெயருக்கும் கோயிலில் அர்ச்சனை செய்தாள். நட்சத்திரம் கேட்ட குருக்களிடம் தெரியாது என்றாள்.

ஆனால் கைபேசி வந்ததால் காத்திருப்பு ஒழிந்துவிட்டது என்று ஊரில் நினைக்கிறார்கள். அது சரியில்லை. கரையில் இருக்கும்போது மகள் தினமும் பேசுவாள். சாப்பிட்ட தோசையின் படம்கூட வரும். கப்பல் கிளம்பினால் ஒன்றும் வராது. உளவு வழக்கு ஒன்று வெளிவந்த பிறகு, 2019 டிசம்பரில் கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்கே தடை போட்டார்கள். எங்கே போகிறாள், எப்போது திரும்புவாள் என்று நாங்கள் கேட்பதில்லை. அவள் சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான் காரணம். எந்தக் கப்பல் என்பதை இங்கேயும் நான் எழுதப்போவதில்லை. எந்தக் கடல் என்று அம்மாவுக்குத் தெரியாமல் இருந்தது. நாங்கள் தெரிந்துகொள்ளாமல் இருக்கிறோம். பிள்ளையின் வேலையில் எங்களுக்கென்று ஒரு பங்கு இருந்தால் அது இதுதான் என்று நம்புகிறேன்.

நாங்குநேரிப் பக்கம் விஜயநாராயணத்தில் ஐஎன்எஸ் கட்டபொம்மன் தளம் இருக்கிறது, 1990இலிருந்து. அந்த நெட்டையான கம்பங்கள் பல மைலுக்குத் தெரியும். சாதாரண ரேடியோ அலை கடல்நீருக்குள் இறங்காது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலை கொஞ்ச ஆழம் இறங்கும். நீருக்கடியில் ஓடும் நீர்மூழ்கிகளுக்கு இங்கிருந்துதான் செய்தி போகிறது. கேட்பது மட்டும்தான் நீர்மூழ்கியில் இருப்பவர்களின் வேலை. அதே வழியில் பதில் அனுப்ப முடியாது. எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவரின் மகன் நீர்மூழ்கியில் இருக்கிறான். "எங்க தோட்டத்துல நின்னா அந்தக் கம்பம் தெரியுது சார். அதுவழியா அவன்கிட்ட பேசுதாங்க. நான் பெத்தவன், எனக்கு ரெண்டு மாசமா அவன் குரல் இல்ல" என்றார் ஒருமுறை. குறையாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அந்தக் கம்பத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

2025 மே 8 இரவை நான் மறக்க மாட்டேன். ஆபரேஷன் சிந்தூர் நடந்துகொண்டிருந்தது. மகள் கடலில். திடீரென்று சில தொலைக்காட்சிகளில் இன்றைய புது விக்ராந்த் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கிவிட்டது, கராச்சி எரிகிறது என்று செய்தி. எங்கேயோ எடுத்த நெருப்பைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். நடுநிசியில் வாழ்த்துச் சொல்லிப் போன் வந்தது. தெருவில் ஒரு பையன் வெடி போட்டான். மனைவி எழுந்து விளக்கேற்றிவிட்டு, நாம் தாக்கியிருந்தால் அவர்கள் நம்மைத் தாக்கியிருப்பார்களே என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. விடிந்தபோது அந்தச் செய்தியே பொய் என்று தெரிந்தது. கப்பல்கள் வடக்கு அரபிக்கடலில் கராச்சி உள்ளிட்ட இலக்குகளைத் தாக்க ஆயத்தமாக நின்றன, தாக்கவில்லை என்பது 11ஆம் தேதி ராணுவ அதிகாரிகள் பேசியபோதுதான் தெளிவானது. அம்மாவுக்கு உண்மை தாமதமாக வந்தது; அந்தத் தாமதத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. எங்களுக்குப் பொய் உடனே வந்தது. அதற்கு என்ன நியாயம்? பிள்ளையைக் கடலுக்கு அனுப்பிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் வீடுகளை அந்தச் செய்தியறைகளில் ஒருவராவது நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அக்னிவீர் தேர்வுக்குப் படிக்கிறார்கள். ஒடிசாவின் சில்கா பயிற்சித் தளத்திலிருந்து கடற்படையின் முதல் அக்னிவீர் அணி 2023 மார்ச்சில் பொழுது சாய்ந்தபின் விளக்கொளியில் அணிவகுத்து வெளியே வந்தது. சுமார் 2,600 பேர். அதில் 270 பேருக்கு மேல் பெண்கள், மாலுமிகளாகச் சேர்ந்த முதல் பெண்கள். பார்க்கப் பார்க்கப் பெருமைதான். ஆனால் பணிக்காலம் நான்கு ஆண்டு. அதன்பின் அதிகபட்சம் நான்கில் ஒருவருக்குத்தான் தொடர்ந்து இடம். அண்ணன் பதினைந்து வருஷம் முடித்துப் பென்ஷனோடு வந்தான். அந்தப் பென்ஷனில்தான் இன்றும் மருந்து வாங்குகிறான். இன்றைய அப்பாக்களுக்குப் பெருமையோடு ஒரு தேதியும் சேர்ந்தே வருகிறது. மற்ற மூன்று பேருக்கு என்ன வழி என்பதற்கு, பிள்ளை பெட்டி கட்டும் முன்பே தெளிவான பதில் கொடுப்பது அரசின் கடமை. இருந்தும் பிள்ளைகள் விடியற்காலையில் ஓடுகிறார்கள், அப்பாக்கள் சைக்கிளில் பின்னால் போகிறார்கள்.

அவர்களில் சிலர் என்னைத் தேடி வருகிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கிளம்பும் தேதியை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். கப்பலின் பெயரைக் கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்காதீர்கள். போன் வராவிட்டால் ஆபீசுக்கு ஆபீஸ் போன் போட்டு விசாரிக்காதீர்கள். கடன் வாங்கியாவது அணிவகுப்புக்குப் போய்வாருங்கள்; சில்காவுக்கு பாலுகாவ் ஸ்டேஷனில் இறங்க வேண்டும். போன வாரம் வந்தவர் பனையேறுகிறவர்; மகளுக்கு அழைப்பு வந்திருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பேன்ட் போட்டுத்தான் போவணுமா சார்?" என்றார். நான் வேட்டியில்தான் போனேன், வாசலில் நின்ற அதிகாரி கைகூப்பி உள்ளே அழைத்துப்போனார் என்றேன். அப்படியானால் சித்திரை விஷுவுக்கு எடுத்த வேட்டி புதுசாகவே இருக்கிறது என்றார்.