போனவரைத் திட்டாதே, வந்தவரை விரட்டாதே!



உங்கள் வீட்டு பீரோ கதவில் உங்களுக்குப் பிடித்த விளையாட்டு வீரரின் படம் ஒட்டியிருக்கிறதா? எங்கள் வீட்டு பீரோவில் இப்போது படம் எதுவும் இல்லை. கைக்குட்டை அளவுக்குச் சோற்றுப் பசையின் தடம் மட்டும் இருக்கிறது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அந்தத் தடத்தின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

எங்கள் ஊர் அயோத்தியாப்பட்டணம். சேலத்திலிருந்து ஆத்தூர், உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னைக்குப் போகும் சாலையில் இருக்கிறது. கோதண்டராமர் கோயிலுக்குப் பேர் போன ஊர். மாலை ஆனால் எங்கள் தெருப் பையன்கள் எல்லாரும் கிரிக்கெட் மட்டையோடு வருவார்கள். என் பேரன் மட்டும் கால்பந்தோடு வருவான். 'சென்னையின் எஃப்.சி.' அணி என்றால் அவனுக்கு உயிர். சென்னை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறதே! அதனால் ஆட்டம் பார்ப்பதெல்லாம் டி.வி.யில்தான்.

2020ஆம் ஆண்டு அவனுக்குப் பத்து வயது. லிதுவேனியா நாட்டு வீரர் நெரியஸ் வால்ஸ்கிஸ் அந்தத் தொடரில் சென்னைக்காக 15 கோல் அடித்து, தங்கக் காலணி விருது வாங்கினார். செய்தித்தாளில் வந்த அவர் படத்தை வெட்டி, சோற்றைக் குழைத்து பீரோ கதவில் ஒட்டிவிட்டான் பேரன். சில மாதங்கள் சென்றன. அணியின் பயிற்சியாளர் ஓவன் காயில் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போனார். அவர் பின்னாலேயே வால்ஸ்கிஸும் போய்விட்டார்!

மறுநாள் பார்த்தால் படம் சுக்குநூறாகத் தரையில் கிடக்கிறது.

"ஏன் கண்ணு கிழிச்ச?" என்று கேட்டேன்.

"அவரு துரோகி தாத்தா! நம்மள விட்டுட்டுப் போயிட்டாரு" என்றான். கண்ணில் தண்ணீர்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அழுகிற பிள்ளையிடம் பாடம் நடத்தக் கூடாது என்பது என் பழக்கம். ஆனால் அந்த அணியின் கதையை அன்றிலிருந்து கவனமாகப் பார்க்க ஆரம்பித்தேன். நீங்களும் கேளுங்கள்.

கடைசியில் இருந்தவர்கள் கோப்பை வாங்கிய கதை

இந்தியன் சூப்பர் லீக் என்னும் கால்பந்துத் தொடர் 2014ஆம் ஆண்டு எட்டு அணிகளோடு தொடங்கியது. அப்போது பிறந்ததுதான் சென்னையின் எஃப்.சி. நம் தோனிகூட அதன் உரிமையாளர்களில் ஒருவர். முதல் பயிற்சியாளர் மார்கோ மேட்டராசி. 2006இல் உலகக் கோப்பை வென்ற இத்தாலி அணியில் ஆடியவர். அந்த இறுதிப் போட்டியில் பிரான்ஸ் வீரர் ஜிடேன் தலையால் முட்டினாரே, அந்த முட்டு வாங்கியவர் இவர்தான்!

2015ஆம் ஆண்டுத் தொடரின் நடுவில் சென்னை கடைசி இடத்தில் கிடந்தது. 'இனி அவ்வளவுதான்' என்று பலரும் நினைத்தார்கள். ஆனால் லீக்கின் கடைசி நான்கு ஆட்டங்களையும் வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது. அந்த டிசம்பரில் சென்னையில் பெருவெள்ளம். சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் போய் ஆடினார்கள். கோவாவில் நடந்த இறுதிப் போட்டியில், கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் விழுந்து 3-2 என்று கோப்பை சென்னைக்கு வந்தது. நடுவிலேயே பயிற்சியாளரை மாற்றியிருந்தால் இது நடந்திருக்குமா? யாருக்குத் தெரியும்!

அடுத்த ஆண்டு அதே மேட்டராசியின் கீழ் அணி ஏழாம் இடத்துக்குப் போனது. அவரும் விடைபெற்றார்.

புதிய ஆசிரியர், புதிய மாணவர்கள்

2017இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் கிரிகோரி வந்தார். அந்த ஆண்டு புதிதாக ஒரு விதி. இந்திய வீரர்களில் மூத்தவர்கள் இரண்டு பேரை மட்டுமே ஓர் அணி கையில் வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களைப் பொதுத் தேர்வில் மற்ற அணிகளும் எடுத்துக்கொள்ளலாம். சென்னை விடாமல் பிடித்துக்கொண்டவர்களில் ஒருவர் மிசோரம் வீரர் ஜேஜே லால்பெக்லுவா. மற்றபடி பாதி அணி புதுமுகம். 'இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?' என்று ரசிகர்களுக்குக் கவலை வருவது இயல்புதானே?

2018 மார்ச் 17ஆம் தேதி, பெங்களூரு அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வென்று இரண்டாவது கோப்பையைத் தூக்கியது சென்னை. அதற்கு முந்தைய அரையிறுதியில் ஜேஜே இரண்டு கோல், சென்னைப் பையன் தனபால் கணேஷ் ஒரு கோல். இறுதிப் போட்டியில் பிரேசில் நாட்டு மெயில்சன் ஆல்வஸ் தலையால் முட்டி இரண்டு கோல். மூன்றாவது கோல் அடித்தவர் ரஃபேல் அகஸ்டோ.

இங்கே ஒரு வேடிக்கை பாருங்கள். பெங்களூரைத் தோற்கடித்த அந்த அகஸ்டோ, 2019இல் பெங்களூரு அணியிலேயே போய்ச் சேர்ந்தார்!

கோப்பை வென்ற மறு தொடரில் என்ன ஆனது தெரியுமா? 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி. பத்து அணிகளில் பத்தாவது இடம். அதற்கடுத்த தொடரில் முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட விழவில்லை. 2019 நவம்பர் இறுதியில் கிரிகோரி விலகினார். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஓவன் காயில் வந்தார்.

வீரர்கள் பெரும்பாலும் அதே வீரர்கள்தான். ஆனால் ஆட்டம் மாறிவிட்டது! லீக்கில் நான்காம் இடம், பிறகு இறுதிப் போட்டி. கொரோனா காரணமாக 2020 மார்ச் 14ஆம் தேதி ஆளில்லாத மைதானத்தில் அந்த ஆட்டம் நடந்தது. கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணி 3-1 என்று வென்றது. சென்னையின் ஒரே கோல் வால்ஸ்கிஸ் அடித்தது. அதன் பிறகுதான் இருவரும் ஜாம்ஷெட்பூர் போனார்கள். எங்கள் வீட்டில் படம் கிழிந்தது.

ஏன்தான் மாறுகிறார்கள்?

பள்ளி அணியில் ஆடுபவருக்குப் பள்ளிதான் அணி. ஆனால் தொழில்முறை வீரருக்கு ஆட்டம்தான் வேலை. இத்தனை ஆண்டு ஆடுகிறேன் என்று ஒப்பந்தம் போடுவார். காலம் முடிந்ததும் அணி அவரை வேண்டாம் என்று சொல்லலாம். அவரும் வேறு அணிக்குப் போகலாம். காயம் பட்டால் ஒரு வருடம் வீணாகும். முப்பத்தைந்து வயதைத் தாண்டி ஆடுபவர்கள் குறைவு. அதற்குள் குடும்பத்துக்குச் சேர்த்தாக வேண்டும். விதிகளும் மாறும். 2021 தொடரிலிருந்து ஒரு நேரத்தில் மைதானத்தில் நான்கு வெளிநாட்டவர்தான் ஆடலாம் என்று குறைத்தார்கள். அப்போது நல்ல வீரரையும் சில அணிகள் விட வேண்டிவந்தது.

இது எனக்கு நன்றாகப் புரியும் பிள்ளைகளே. ஆசிரியர் வேலையிலும் இடமாறுதல் உண்டு. ஒரு பள்ளியிலிருந்து நான் மாறுதலாகிப் போன அன்று பிள்ளைகள் பேருந்து நிறுத்தம் வரை வந்து அழுதார்கள். புதிய பள்ளியில் நுழைந்தேன். "எங்க பழைய சார் இப்படிச் சொல்லித் தர மாட்டாரு" என்று முதல் வரிசைப் பெண் எழுந்து நின்று சொன்னாள்! சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவள் பொய் சொல்லவில்லை. பழைய ஆசிரியர் மேல் இருந்த பாசம் அது. இரண்டு மாதம் பொறுமையாக இருந்தேன். பிறகு அதே பெண்தான் என் மேசைக்கு முதலில் நோட்டைக் கொண்டுவந்து வைப்பாள். புதிதாக வரும் பயிற்சியாளரும் அப்படித்தான் நிற்பார், முதல் நாள் வகுப்பில் நின்ற என்னைப்போல.

உலகத்தில் நடந்த இரண்டு கதைகள்

இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு 1986இல் அலெக்ஸ் பெர்குசன் பயிற்சியாளராக வந்தார். மூன்று ஆண்டுகள் ஒரு கோப்பையும் இல்லை. 1989இல் ஒரு ரசிகர், 'போதும், கிளம்புங்கள்' என்கிற பொருளில் ஒரு துணியில் எழுதி மைதானத்திலேயே தூக்கிப் பிடித்தார். நிர்வாகம் பொறுத்துக்கொண்டது. 1990இல் முதல் கோப்பை வந்தது. 2013இல் ஓய்வு பெறும்போது அவர் வென்றிருந்த லீக் பட்டங்கள் மட்டும் 13!

இன்னொரு கதை கசப்பானது. போர்ச்சுகல் வீரர் லூயி ஃபிகோ 2000ஆம் ஆண்டு ஸ்பெயினின் பார்சிலோனா அணியை விட்டு, அதன் பரம எதிரியான ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். 2002இல் அவர் பார்சிலோனா மைதானத்தில் ஆட வந்தபோது புட்டிகளையும் ஒரு பன்றித் தலையையும்கூட வீசினார்கள். ஆட்டத்தையே சிறிது நேரம் நிறுத்த வேண்டியதாயிற்று. அதனால் பார்சிலோனாவுக்கு ஒரு கோலாவது கிடைத்ததா? இல்லை. ஆட்டம் கோல் இல்லாமல் சமனில் முடிந்தது. அணிக்குக் கெட்ட பெயர்தான் மிச்சம்.

போனவர்கள் வந்தார்கள்

சரி, நம் சென்னைக்கு வருவோம். காயில் போன பிறகு சாபா லாஸ்லோ, போசிதார் பந்தோவிச், தாமஸ் பிரதாரிச் என்று ஆண்டுக்கு ஒரு பயிற்சியாளர். 2022இல் பந்தோவிச் நடுவில் நீக்கப்பட்டபோது மீதி ஆட்டங்களுக்கு நம் தமிழ்நாட்டின் சையத் சபீர் பாஷா பொறுப்பேற்றார். மூன்று தொடரிலும் அணி எட்டாம் இடம்தான்! ஆளை மாற்றினால் மட்டும் எல்லாம் மாறிவிடாது என்று இதிலிருந்து தெரிகிறதல்லவா? 2023இல் இந்திய வீரர் அனிருத் தாபாவும் மோகன் பாகானுக்குப் போனார். மிகச் சிறு வயதிலேயே சென்னைக்கு வந்து, இங்கேயே வளர்ந்து, அணித்தலைவராகவும் ஆனவர் அவர்.

ஆனால் 2022 ஜனவரியில் ஒரு செய்தி வந்தது. வால்ஸ்கிஸ் சென்னைக்கே திரும்பிவிட்டார்!

என் பேரன் துள்ளிக் குதித்தான். உடனே ஓடிப்போய்ப் பழைய செய்தித்தாள்களைத் தேடினான். எதற்கு? அவர் படத்துக்கு! ஆனால் பழைய பேப்பரையெல்லாம் அவன் பாட்டி எப்போதோ எடைக்குப் போட்டுவிட்டாள். பீரோ கதவின் முன்னால் போய் நின்றான். அந்தப் பசைத் தடத்தை விரலால் தடவிப் பார்த்தான். "கிழிச்சிருக்க வேணாம், இல்ல தாத்தா?" என்றான். ஒரு வருடத்துக்கும் மேலாக நான் சொல்லாமல் வைத்திருந்த பாடத்தை அவனே சொல்லிவிட்டான்.

காயிலும் சும்மா இருக்கவில்லை. 2022இல் ஜாம்ஷெட்பூருக்கு லீக் கேடயம் வாங்கிக் கொடுத்தார். 2023இல் சென்னைக்கே திரும்பி வந்தார். நான்கு ஆண்டுக்குப் பிறகு அணி 'பிளே ஆஃப்' சுற்றுக்குப் போனது. அடுத்த தொடரில் மறுபடியும் சறுக்கல். 2025இல் அவர் போக, கோவாவைச் சேர்ந்த முன்னாள் இந்திய வீரர் கிளிஃபோர்ட் மிராண்டா அந்த இடத்துக்கு வந்தார். இத்தனை பேர் வந்தார்கள், போனார்கள். நீலச் சட்டை போட்டுக்கொண்டு, மேளம் தட்டிக்கொண்டு மைதானத்துக்கு வருகிற 'பி ஸ்டாண்ட் புளூஸ்', 'சூப்பர் மச்சான்ஸ்' ரசிகர்களோ அணியை விட்டுப் போகவில்லை.

நல்ல ரசிகர் எப்படி இருப்பார்?

கேள்வி கேட்பார். 'ஏன் இவரை விட்டீர்கள்? ஏன் இளைஞருக்கு வாய்ப்புத் தரவில்லை?' என்று கேட்பது ரசிகரின் உரிமை. அது தவறே இல்லை.

கெட்ட வார்த்தை பேச மாட்டார். வீரருடைய குடும்பத்தையும், நாட்டையும், நிறத்தையும் இழுக்க மாட்டார்.

போகிறவருக்கு நன்றி சொல்லி அனுப்புவார். அவர் அடித்த கோல் அணியின் கணக்கில்தான் இருக்கிறது. அதை அவர் எடுத்துக்கொண்டு போகவில்லையே!

வருகிறவருக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுப்பார். இரண்டு ஆட்டத்தில் தீர்ப்பு எழுத மாட்டார்.

பிள்ளைகளே! உங்கள் வகுப்பு ஆசிரியர் மாறலாம். பக்கத்தில் உட்கார்ந்த நண்பன் அப்பாவின் வேலை மாற்றத்தால் வேறு ஊர் போகலாம். வருத்தமாக இருந்தால் அழுங்கள், பரவாயில்லை. ஆனால் படத்தைக் கிழிக்காதீர்கள். கிழித்தால் ஒட்டுவது சிரமம். நம்பாவிட்டால் அயோத்தியாப்பட்டணத்துக்கு வாருங்கள். எங்கள் வீட்டு பீரோ கதவைக் காட்டுகிறேன்!